செய்தியோடையும் பாட்காஸ்ட் சந்தாவும்: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

தொடர்ந்து வாசிக்க விரும்பும் இணையதளங்கள் பத்து இருந்தால், அவை ஒவ்வொன்றிலும் புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று நாள்தோறும் போய்ப் பார்ப்பது ஒரு வழி. ஃபேஸ்புக்கோ எக்ஸோ வாட்ஸ்அப் சேனலோ எடுத்து நீட்டுவதை மட்டும் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. முன்னதில் நேரம் விரயமாகிறது. பின்னதில் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்ற முடிவு வேறொருவரிடம் போய்விடுகிறது. இவ்விரண்டுக்கும் மாற்றாகக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பது ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை. பாட்காஸ்ட் சந்தா என்பதும் அடிப்படையில் இதே ஓடைதான். அதில் கட்டுரைக்குப் பதிலாக ஒலிக்கோப்பு வருகிறது என்பதே வேறுபாடு. ஆகவே ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது தானாக வசப்படும் என்பதால் இரண்டையும் இங்கே சேர்த்தே விளக்குகிறேன்.

ஓடைக்குள் என்ன இருக்கிறது

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் வாசகர்களின் முகப்புப் பக்கத்தில் பல தளங்களின் தலைப்புகளை ஒருசேரக் காட்டுவதற்காக இந்த வடிவத்தை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்கள் டான் லிபியும், சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற ராமநாதன் குகாவும் ஆவர். பின்னர் மென்பொருள் உருவாக்குநரான டேவ் வைனர் முதலானோர் கைகளில் அது வளர்ந்து, 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0 என்ற நிலையான வடிவத்தை எட்டியது. இதற்கு இணையாக ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005இல் இணையத் தர ஆவணமாக ஏற்கப்பட்டது. வாசகருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. இன்றைய செயலிகள் இரண்டையும் ஒன்றுபோலவே படித்துக்கொள்ளும். தமிழில் இதன் பயனை முதலில் பெருமளவில் உணர்ந்தவர்கள் வலைப்பதிவர்கள். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள், நூற்றுக்கணக்கான பதிவுகளின் ஓடைகளைப் படித்துத்தான் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தின.

ஓடை என்பது வெறும் எழுத்துக்கோப்பு. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியான வழங்கியில் (சர்வர்) ஒரு நிலையான முகவரியில் அது இருக்கும். புதிய இடுகை வெளியாகும்போதெல்லாம் தளத்தின் மென்பொருளே அதைத் திருத்தி எழுதிவிடும். திறந்து பார்த்தால், மேலே தளத்தின் பெயரும் அறிமுகமும், அதற்குக் கீழே ஒவ்வொரு இடுகைக்கும் ஒரு பகுதியும் இருக்கக் காணலாம். அப்பகுதியில் தலைப்பு, இணைப்பு, வெளியான நாளும் நேரமும், சுருக்கம் அல்லது முழு உரை, அந்த இடுகைக்கே உரிய அடையாளக் குறி ஆகியவை வரிசையாக அமைந்திருக்கும். எந்த இடுகை புதிது, எது ஏற்கெனவே காட்டப்பட்டது என்பதை உங்கள் செயலி இந்த அடையாளக் குறியைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. சில நேரங்களில் பழைய இடுகைகள் அனைத்தும் புதியவைபோல மீண்டும் வந்து குவிவதற்குக் காரணம், தளத்தார் மென்பொருளை மாற்றியதில் இந்தக் குறிகள் மாறிவிடுவதே ஆகும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், தளம் உங்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. உங்கள் செயலிதான் குறிப்பிட்ட இடைவெளியில் அந்த முகவரிக்குச் சென்று, கோப்பு மாறியிருக்கிறதா என்று கேட்கிறது. மாறவில்லை என்று பதில் வந்தால் எதையும் இறக்காமல் திரும்பிவிடுகிறது. அதனால்தான் இதற்கு மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி எண்ணோ கொடுக்கத் தேவையில்லை. சந்தாவை நீக்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். முகவரியை அழித்துவிட்டால் போதும்.

முதல் படி: செயலியைத் தேர்ந்தெடுத்தல்

ஓடைகளைப் படிக்கும் செயலியைப் பொதுவாக ரீடர் என்பார்கள். இவற்றில் இரு வகை உண்டு. ஒரு வகை உங்கள் கருவியிலேயே அனைத்தையும் செய்துகொள்ளும்; ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஆப்பிள் கருவிகளில் நெட்நியூஸ்வயர், கணினியில் தண்டர்பேர்ட் ஆகியவை இவ்வகையில் அடங்கும். மூன்றும் இலவசம், மூன்றின் மூலநிரலும் திறந்தது, கணக்குத் தொடங்கும் கட்டாயமும் இல்லை. தண்டர்பேர்ட் மின்னஞ்சலுக்கான மென்பொருளாகவே அறியப்பட்டாலும், அதில் ஓடைகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். அலுவலகக் கணினியில் மின்னஞ்சலுக்கு அதைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

மற்றொரு வகை, ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவைகள். அவற்றின் வழங்கிகளே ஓடைகளைப் படித்து வைத்திருக்கும். எதைப் படித்து முடித்தீர்கள் என்ற கணக்கும் அங்கேயே இருப்பதால், காலையில் கைபேசியில் விட்ட இடத்திலிருந்து மாலையில் கணினியில் தொடரலாம். இலவசக் கணக்கில் எத்தனை ஓடைகளைச் சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்றாலும், தொடங்குபவருக்கு அது தடையாக இராது. நீங்கள் எதை வாசிக்கிறீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும் என்பதே இதிலுள்ள குறை.

ஒரே ஒரு கைபேசியில் மட்டும் வாசிப்பவர்களுக்கு முதல் வகையே போதுமானது என்பது என் கருத்து. செயலித் தேர்வில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. பட்டியல் உங்களுடையது என்பதால் செயலியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; அதைச் செய்யும் முறை இறுதிப் படியில் வருகிறது.

இரண்டாம் படி: ஓடையின் முகவரியைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். ஒரு காலத்தில் தளங்களில் ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் ஒலிபரப்பு அலைபோன்ற வெள்ளைக் கோடுகள் கொண்ட சின்னம் கண்ணில் படும்படி இருக்கும். உலாவியின் முகவரிப் பட்டையிலும் அது தோன்றும். இப்போது பல தளங்கள் அதை எடுத்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு ஓடை வசதிகளைக் கைவிட்டது. சின்னம் மறைந்ததால் ஓடையும் மறைந்துவிட்டது என்று பொருளில்லை. வேர்ட்பிரஸ், பிளாக்கர் போன்ற மென்பொருள்களில் இயங்கும் தளங்களில், அதை நடத்துபவருக்கே தெரியாமல்கூட ஓடை ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே முதலில் எளிய முயற்சியைச் செய்யுங்கள். தளத்தின் முகப்பு முகவரியை நகலெடுத்து, ரீடரில் புதிய ஓடை சேர்க்கும் கட்டத்தில் அப்படியே ஒட்டுங்கள். வலைப்பக்கத்தின் மறைவான தலைப்பகுதியில் ‘எங்கள் ஓடை இந்த முகவரியில் இருக்கிறது’ என்று அறிவிக்கும் வரி ஒன்று பெரும்பாலும் இருக்கும். செயலி அதைப் படித்து முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட ஓடைகள் காட்டப்பட்டால், பின்னூட்டங்களுக்கானதைத் தவிர்த்து இடுகைகளுக்கானதைத் தேர்ந்தெடுங்கள்.

இம்முயற்சி பலிக்கவில்லை என்றால், தளம் எந்த மென்பொருளில் இயங்குகிறது என்பதை வைத்து முகவரியை ஊகிக்கலாம். வேர்ட்பிரஸ் தளமாயின், முகப்பு முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் ஆங்கிலத்தில் ஃபீட் என்ற சொல்லும் சேர்த்தால் போதும். சப்ஸ்டாக் தளத்தில் வெளியாகும் மின்மடல்களுக்கும் இதுவே வழி. பிளாக்ஸ்பாட் வலைப்பதிவாயின், சாய்கோடுகளால் பிரித்து ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை அதே வரிசையில் சேர்க்க வேண்டும். பழைய தமிழ் வலைப்பதிவுகளில் மிகப் பல பிளாக்ஸ்பாட்டில் இருப்பதால் இந்த மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் கணக்காயின், அதன் பக்க முகவரியின் இறுதியில் ஒரு புள்ளியும் ஆர்எஸ்எஸ் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் ஓடை கிடைத்துவிடும்.

ஊகமும் பலிக்காதபோது கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்துங்கள். பக்கத்தின் மூலநிரல் தோன்றும். அதில் ஆர்எஸ்எஸ் என்றும், பிறகு ஆட்டம் என்றும் ஆங்கிலத்தில் தேடுங்கள். ஓடை இருக்குமானால் அதன் முகவரி மேற்கோள் குறிகளுக்குள் அகப்படும். அதுவும் இல்லையென்றால் அந்தத் தளத்தில் ஓடை இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு குறிப்பு. ஒரு தளம் முழுவதையும் தொடராமல், அதில் ஒரு பகுப்பை மட்டும் தொடர்வது வேர்ட்பிரஸில் இயலும். பகுப்பின் பக்க முகவரியோடு முன்சொன்ன அதே ஃபீட் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஆனால் பகுப்பின் பெயர் தமிழில் இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடும். ‘அ’ என்ற ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக விரியும். ‘மி’ என்பது மெய்யுரு ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாகக் கணினியில் இரண்டாக இருப்பதால் பதினெட்டாகும். முகவரி கெட்டுவிட்டது என்று நினைத்து இதைத் திருத்த முற்பட வேண்டாம். அப்படியே விட்டால் சரியாக வேலை செய்யும்.

யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பெரும்பாலான ரீடர்களில் அலைவரிசையின் பக்க முகவரியை ஒட்டினாலே போதும். ஏற்கவில்லை என்றால், அலைவரிசையின் அறிமுகப் பகுதியைத் திறந்து, பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால், அலைவரிசையின் அடையாள எண்ணை நகலெடுக்கும் வசதி வரும். யு, சி என்ற பெரிய எழுத்துகளில் தொடங்கும் அந்த அடையாளத்தைக் கொண்டு ஓடையின் முகவரி அமைகிறது. கடைசியாக வந்த 15 காணொளிகள் மட்டுமே அதில் இருக்கும். பரிந்துரைகள் எதுவும் இல்லாமல், தேர்ந்தெடுத்த அலைவரிசைகளில் புதிதாக வந்தவற்றை மட்டும் கால வரிசையில் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. குறிப்பாகப் பிள்ளைகளுக்குப் பாடக் காணொளிகளைத் தேடித் தரும் பெற்றோர் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிபிசி தமிழின் செய்தி ஓடை ஒன்று, தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் ஓடை ஒன்று, நீங்கள் விரும்பி வாசிக்கும் வலைப்பதிவுகள் இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியா ஓடையை ஒரு நாள் பார்த்துவிட்டு நீக்கிவிடலாம். ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஓடை எப்படி மற்றவற்றை மூழ்கடிக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும்.

மூன்றாம் படி: அடுக்கி வைத்தல்

அப்படி மூழ்காமல் இருக்க வேண்டுமானால், ஓடைகளைப் பொருளின்படி பிரிப்பதைவிட வேகத்தின்படி பிரிப்பது நல்லது. அரசியல், அறிவியல், சினிமா என்று அடைவுகள் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் நாளுக்கு நூறு செய்தி தரும் நாளிதழும், மாதம் ஒருமுறை எழுதும் கட்டுரையாளரும் ஒரே அடைவில் கிடந்தால், அந்த ஒரு கட்டுரை கண்ணில் படவே படாது. எப்போதாவது எழுதுபவர்களுக்கு ஓர் அடைவு, நாள்தோறும் வருபவற்றுக்கு இன்னொன்று எனப் பிரித்து, முதலாவதைத் தவறாமல் வாசியுங்கள். இரண்டாவதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ‘அனைத்தையும் படித்ததாகக் குறி’ என்ற பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள். படிக்காதவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று வருந்துவதற்கு இது பரீட்சையன்று.

சில தளங்களின் ஓடையில் முதல் இரண்டு வரிகள் மட்டுமே வரும். விளம்பர வருவாயைக் கருதித் தளத்தார் செய்யும் தேர்வு அது. ஃபீடர் போன்ற செயலிகளில், குறிப்பிட்ட ஓடைக்கு மட்டும் முழுக் கட்டுரையையும் எடுத்துவரும்படி அமைக்கலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பவற்றை அது எடுத்துவராது. அதேபோல, ஓடையைச் சேர்த்தவுடன் பழைய இடுகைகள் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேர்ட்பிரஸ் இயல்பாக 10 இடுகைகளையும் பிளாக்கர் 25 இடுகைகளையும் மட்டுமே ஓடையில் வைக்கின்றன. அறிவிப்பு ஒலிகளை ஒன்றிரண்டு ஓடைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: பாட்காஸ்டுக்குச் சந்தா

2000ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்எஸ்எஸ்ஸின் 0.92 பதிப்பில் ‘இணைப்புக் கோப்பு’ என்ற பொருளில் புதிய கூறு ஒன்று சேர்க்கப்பட்டது. ஒலிக்கோப்பின் முகவரி, அதன் அளவு, அதன் வகை என்ற மூன்று விவரங்களை அது தாங்கியிருக்கும். இந்த ஒரு வரியின் மேல்தான் பாட்காஸ்ட் உலகம் முழுதும் நிற்கிறது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் 4.9 பதிப்பில் பாட்காஸ்டுகளுக்கு இடமளித்த பிறகு அது பொதுமக்களிடம் பரவியது. இருந்தாலும், ஆப்பிளின் பட்டியல் இன்றுவரை பெரும்பாலும் ஓடை முகவரிகளின் தொகுப்பே. ஒலிக்கோப்பு நிகழ்ச்சியை நடத்துபவர் வாடகைக்கு எடுத்த வழங்கியில் இருக்கும். அதனால் ஆப்பிள் கருவி இல்லாதவரும் அதே நிகழ்ச்சியை அதே நேரத்தில் வேறு செயலியில் கேட்க முடிகிறது.

ஆண்ட்ராய்டில் தொடங்குபவர்களுக்கு ஆன்டெனாபாட் என்ற செயலியைப் பரிந்துரைக்கிறேன். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தேவையில்லை. நிறுவியபின் ‘பாட்காஸ்டைச் சேர்’ என்ற பகுதிக்குச் சென்றால் மேலே தேடும் பெட்டி இருக்கும். நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் தட்டச்சிட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தேடுங்கள். தமிழ் நிகழ்ச்சிகளை நடத்துவோர் பெயரை இரு வகையிலும் பதிவு செய்வதால், இரண்டாவது முயற்சியில் கிடைப்பது அடிக்கடி நேரும். அதே பகுதியில், ஆர்எஸ்எஸ் முகவரியை நேரடியாக ஒட்டிச் சேர்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் செயலியில் நூலகப் பகுதியின் மூன்று புள்ளிப் பட்டியலைத் திறந்தால், முகவரியைக் கொண்டு நிகழ்ச்சியைப் பின்தொடரும் வசதியைக் காணலாம். இரு வகைக் கருவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்குப் பாக்கெட் காஸ்ட்ஸ் பொருந்தும்.

எங்கு தேடியும் ஒரு நிகழ்ச்சிக்கு ஓடை கிடைக்கவில்லை என்றால், அது ஏதேனும் ஒரு நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் வெளியாகிறது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஸ்பாட்டிஃபையில் மட்டும் வரும் நிகழ்ச்சிகள் அப்படிப்பட்டவை. அவற்றைப் பாட்காஸ்ட் என்று அழைத்தாலும் அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். பணம் கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளில் பல, பேட்ரியான் போன்ற தளங்கள் வழியாக ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனி ஓடை முகவரி தருகின்றன. அந்த முகவரியே கடவுச்சொல்லுக்குச் சமம் என்பதால், அதை நண்பர்களுக்கு அனுப்பக்கூடாது.

அடுத்தது டேட்டா. பேச்சு நிகழ்ச்சிகள் பல நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிவாகின்றன. அதன்படி ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 58 எம்பி அளவுக்கு வரும். 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. ஒரு நாள் டேட்டாவில் இது பெரிய பங்கு இல்லை என்றாலும், இருபது நிகழ்ச்சிகளுக்குத் தானியங்கிப் பதிவிறக்கத்தை இயக்கிவிட்டால் கைபேசியின் இடம் விரைவில் நிறைந்துவிடும். தானியங்கிப் பதிவிறக்கத்தைத் தவறாமல் கேட்கும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வைத்து, அதையும் வைஃபை கிடைக்கும்போது மட்டும் நடக்கும்படி அமையுங்கள். கேட்டு முடித்தவை தானாக அழியும்படியும் செய்துவிடுங்கள். மின்தொடர் வண்டியிலும் மலைப்பாதைப் பேருந்திலும் அலைவரிசை விட்டு விட்டு வரும் என்பதால், பயணத்துக்கு முன்னரே இறக்கி வைத்திருப்பதில்தான் பாட்காஸ்டின் முழுப் பயனும் இருக்கிறது. பேச்சு மெதுவாகப் போனால் வேகத்தை 1.2 மடங்குக்குக் கூட்டலாம். இசை கலந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும் இயல்பு வேகத்தையே தனியாகக் குறித்து வைக்கலாம்.

ஐந்தாம் படி: பட்டியலைக் கைவசம் வைத்திருத்தல்

2005 அக்டோபரில் தொடங்கிய கூகுள் ரீடர், உலகெங்கும் ஓடை வாசிப்போரின் முதன்மைச் செயலியாக இருந்த நிலையில் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியும் 2024இல் நிறுத்தப்பட்டது. இரு முறையும், பட்டியலை ஏற்றுமதி செய்துகொண்டவர்கள் சில நிமிடங்களில் வேறிடம் குடிபெயர்ந்தார்கள். அதற்கு உதவியது ஓபிஎம்எல் என்ற கோப்பு வடிவம். உங்கள் ஓடைகளின் பெயர்கள், முகவரிகள், அடைவுகள் ஆகியவை மட்டுமே அதில் இருக்கும். நூறு ஓடைகள் இருந்தாலும் சில பத்து கேபி அளவைத் தாண்டுவது அரிது.

இக்கட்டுரையில் பேசிய ரீடர் செயலிகள் எல்லாவற்றிலும் அமைப்புகளிலோ முதன்மைப் பட்டியலிலோ ஏற்றுமதி, இறக்குமதி என்ற வசதிகள் இருக்கின்றன; ஆன்டெனாபாட்டிலும் அவ்வாறே. ஓடைகளைச் சேர்த்து முடித்த அன்றே ஒருமுறை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம் மறுமுறை எடுத்தால் போதும். கருவியிலேயே இயங்கும் செயலிகளைப் பயன்படுத்துவோருக்கு இது மேலும் முக்கியம். கைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ, வேறு எங்கும் பிரதி இருக்காது. புதிய செயலிக்கு மாறும்போது அதே கோப்பை இறக்குமதி செய்தால் அடைவுகளோடு அனைத்தும் வந்துவிடும். எவற்றைப் படித்தீர்கள், எந்த நிகழ்ச்சியை எதுவரை கேட்டீர்கள் என்ற கணக்கு மட்டும் வராது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டியலைக் களையெடுக்க வேண்டும். பிழைக்குறி காட்டும் ஓடை உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தளம் முகவரி மாறியிருக்கலாம். உலாவியில் தளத்தைத் திறந்து, இரண்டாம் படியில் சொன்ன முறைகளை மீண்டும் முயன்று பாருங்கள். பிழை எதுவும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும் ஓடைகளை நீக்க வேண்டிய அவசியம் இல்லை. அவை இடத்தையும் அடைப்பதில்லை, கவனத்தையும் கேட்பதில்லை; எழுதுவதை நிறுத்தியவர் என்றேனும் மீண்டும் எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். நீக்க வேண்டியவை, நாள்தோறும் வந்தும் நீங்கள் திறக்காமல் கடந்துபோகும் ஓடைகளே.

உங்கள் பட்டியலை நண்பர் ஒருவர் கேட்டால் ஓபிஎம்எல் கோப்பை அப்படியே அனுப்பிவிடலாம்; அவர் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் அது பொருந்தும். அனுப்புவதற்கு முன் கோப்பை ஏதேனும் ஓர் எழுத்துத் திருத்தியில் திறந்து, பணம் கட்டிப் பெற்ற தனி ஓடைகளின் வரிகள் அதில் இருந்தால் அவற்றை மட்டும் அழித்துவிடுங்கள்.